படுத்த சக்கரம்

எல்க்ஹார்ட் தொழிற்சாலையின் பின்கதவு
காலை ஐந்தரைக்குத் திறக்கும்.
"டார்லா, உன் தாள்" என்று நீட்டுவார்கள்.
ஊர்ப்பெயரைப் பிறகுதான் பார்ப்பேன்.
முதலில் பார்ப்பது
உருண்டையா, தட்டா.

உருண்டை என்றால்
பம்பருக்குக் கீழே ஓர் இரும்புப் பந்து,
அதைக் கவ்விக்கொண்டு பின்னால் வரும் வீடு.
தட்டு என்றால்
பிக்கப்பின் முதுகில் ஏறி
முழங்கை ஊன்றி உட்கார்ந்துகொள்ளும் வீடு.

பதினோரு வருடமாக இழுக்கிறேன்
யார் யாரோ வாங்கப்போகும் வீடுகளை.
ஒன்றிலும் ஓர் இரவு படுத்ததில்லை.
மெத்தைமேல் பிளாஸ்டிக் உறை,
கிழித்தால் கூலியில் பிடித்தம்.

உருண்டையில் வருவது
சந்தை நெரிசலில் கைபிடித்து வரும் பிள்ளை.
கை நம்மிடம், கண் பலூன்காரனிடம்.
தட்டில் வருவது இடுப்பேறிய பிள்ளை.
கனம் கூடுதல்தான்,
ஆனால் கனம் எங்கே இருக்கிறதென்று
இடுப்புக்குத் தெரியும்.

வயோமிங்கில், எல்க் மவுண்டன் பக்கம்,
காற்று சாலையைக் குறுக்கே கடக்கும்
யாரிடமும் வழி கேட்காமல்.
பெரிய லாரி ஒன்று முந்தினால்
முதலில் வாலைத் தள்ளும், பிறகு தன்பக்கம் இழுக்கும்.
வால் ஆடத் தொடங்கியதும்
கால் பிரேக்கைத் தேடும். கொடுக்கக் கூடாது.
ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு,
கட்டைவிரலால் ட்ரெய்லரின் பிரேக்கை மட்டும்
அழுத்து, அழுத்து, அழுத்து.
மார்ச்சில் ஒருவர் காலுக்குக் கொடுத்துவிட்டார்.
நான் கடந்தபோது வீடு கூரைமேல் கிடந்தது.
வேலிக்கம்பியில் குளியலறைத் திரை.
மனைவி மடக்கு நாற்காலியை விரித்து
சாலைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள்.
அவர் இன்னும் சாவியைக் கையில் வைத்திருந்தார்.

அப்படியானால் தட்டுதானே என்பீர்கள்.
பதின்மூன்றடி நாலங்குலம் உயரம்.
அயோவாவில் ஒரு பெட்ரோல் பங்கின் கூரைக்கு
என் பெயர் இன்னும் நினைவிருக்கும்.
திரும்பும்போது குறுக்கே வெட்டும்;
நெப்ராஸ்காவில் ஒரு தபால்பெட்டி,
மன்னிப்புக் கடிதத்தை எங்கே போடுவது?
பிக்கப்பின் தொட்டி முழுக்க அதற்கே போய்விடும்,
என் சைக்கிளுக்கு இடமில்லை.
டெயில்கேட்டை இறக்க ஒருமுறை மறந்தேன்.
அந்தப் பள்ளத்தைத் தட்டவில்லை.
யாராவது கேட்டால் மாடு முட்டியது என்கிறேன்.

தரைப்பலகை பொருத்தும் ஓர்லா போன்ட்ரேகர்
ஆமிஷ்காரர். வண்டி ஓட்டுவதில்லை.
நாளொன்றுக்கு ஒன்பது வீட்டுக்குத் தளம் போடுகிறவர்
ஒருநாள் கேட்டார்: "எது இழுக்கச் சுகம்?"
காற்று, வளைவு, கனம், பாலம் என்று
காப்பி ஆறும்வரை பேசினேன்.
விரலிலிருந்த பசையை உரித்தபடி கேட்டவர்
ஒன்றும் சொல்லாமல்
கொட்டகைக்குக் கூட்டிப்போனார்.

அவருடைய குதிரைவண்டிக்கு அடியில்
நானும் குனிந்தேன்.
முன்னச்சுக்கு மேலே, தரைக்கு இணையாக
ஓர் இரும்பு வளையம், கிரீஸ் மினுமினுக்க.
"ஐந்தாம் சக்கரம்" என்றார்.
"உங்கள் தட்டுக்கு இது பாட்டன்.
நிற்கும் நாலும் ஓடும்.
படுத்த இது திரும்பும்."
"இது காற்றில் ஆடாதா?"
"குதிரை ஆடினால் ஆடும்."
குதிரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இன்றைய தாளில் உருண்டை.
ஊர் லாரமி. பலத்த காற்று எச்சரிக்கை.
கனமான சாமான் அச்சுக்கு முன்னாலா என்று
உள்ளே ஏறிப் பார்த்தேன்.
ஆட்டம் தடுக்கும் கம்பியை இன்னொரு கண்ணி இறுக்கினேன்.
சங்கிலிகளைப் பெருக்கல்குறிபோல் மாட்டினேன்,
பந்து விட்டாலும் மூக்கு தரையில் விழாமலிருக்க.

பிறகு ஒருமுறை குனிந்து பார்த்தேன்,
அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்தும்.