கிலோ சலவை

கிலோவுக்கு எட்டாயிரம் ருப்பியா.
ஈரத் துணிக்கு எடை போடுவதில்லை.
தகரத்தில் சிவப்பு மையால் எழுதித்
தொங்கவிட்டிருக்கிறாள் ஹஸ்னியா,
சுலவேசிக் கடலோரம், பஹோடோபியில்,
நிக்கல் உலைக்குப் போகும் பைக்குகள்
ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் கரைபுரளும் சாலையில்.

தராசில் வைக்கும்போதே தெரிந்துவிடும்
யாருக்கு எங்கே வேலை என்று.
மலையை வெட்டுகிறவனுக்கு முழங்கால்வரை செம்மண்.
உலைக்காரன் சட்டையில் பொரிப்பொரியாய் ஓட்டை.
நிலக்கரி இறக்குகிறவன் என்றால்
பனியன் என்ன நிறமென்று
வாங்கியவனுக்கே மறந்திருக்கும்.

தூசிக்கும் எடை உண்டு.
ஒருநாள் சோதித்துப் பார்த்தாள்:
துவைக்குமுன் நாலு கிலோ நூறு,
காய்ந்தபின் மூன்று எண்ணூறு.
முந்நூறு கிராம் மலைக்கும் சேர்த்துத்தான்
காசு கொடுத்துப் போகிறார்கள்.
அந்த முந்நூறு கிராம்
குழாய் வழியே ஓடைக்கு,
ஓடை வழியே கடலுக்கு.
கடல் சிவந்ததில் அவளுக்கும் ஒரு கை உண்டு.
தம்பி இப்போதெல்லாம் மீன் தேடி
இரண்டு மணி நேரம் டீசல் எரித்துப் போகிறான்.
இவளுடைய இரண்டாவது வாஷிங் மெஷின்
இந்தத் தூசி வாங்கிக் கொடுத்தது.
யாரைத் திட்டுவது?

போனில் விளம்பரம் வருகிறது.
வெள்ளைக் கார். பனி மூடிய ஏதோ ஊர்.
சத்தமில்லை. பின்னால் புகைக்குழாயே இல்லை.
நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்,
இதற்கு இரண்டுமே இல்லையாம்.
ஹஸ்னியா நிமிர்ந்து பார்க்கிறாள்.
உலைக்கு மின்சாரம் ஊட்ட
ராப்பகலாய்க் கரி தின்னும் நிலையம்,
அதன் தலைக்குமேல் வளர்ந்துகொண்டே போகும் கறுப்பு.
இல்லாமல் என்ன,
இரண்டும் இங்கே இருக்கிறது.
கொடியில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள்.
காற்று திரும்புமுன் உருவிக்கொண்டு ஓடுகிறாள்.

மேல்தட்டில் ஒரு பை இருக்கிறது.
டோராஜாக்காரன் ரந்தே, மூன்றாம் உலை,
இரண்டு கிலோ முந்நூறு.
சனிக்கிழமை எடுத்துக்கொள்கிறேன் என்றான்.
நாலு சனிக்கிழமை ஆயிற்று.
அவன் போன் முதலில் அடித்துக்கொண்டே இருந்தது,
பிறகு அடிப்பதும் நின்றது.
கூட அறையில் இருந்தவனைக் கேட்டால்
ஊருக்குப் போயிருப்பான் என்கிறான்
தன் செருப்பைப் பார்த்து.

பாலிதீனுக்குள்ளும் எப்படியோ இறங்கிவிடுகிறது.
மாதக் கடைசியில்
முடிச்சை அவிழ்த்துக்
காலரை மோந்து பார்த்து
மறுபடி துவைக்கப் போடுகிறாள்.

எடை போடவில்லை.