கண் மூடாதவன்

ஞானஸ்நானத்தில் மத்தேயு.
லைசென்ஸில் இன்னும் மாதையன்தான்.
இரண்டு பெயருக்கும் சேர்த்து
ஒரே வேலை: ஊழிய வேன் ஓட்டுவது.

பாஸ்டர் ஓபேத் வாய் திறந்தால்
பாலக்கோடு சந்தையில்
தக்காளிக் கூடையை இறக்கிவைத்துவிட்டு
ஆட்கள் அழுவார்கள்.
சுகிர்தா அக்கா கை வைத்தால்
காய்ச்சல் இறங்கும். நானே பார்த்தேன்,
என் மகளுக்குத்தான்.
கிடார் வாசிக்கிற பையன் கெர்சோமுக்குப்
பத்தொன்பது வயதில் அந்நிய பாஷை வந்துவிட்டது.
எனக்குக் கன்னடம் வரும்.
அத்திப்பள்ளியில் டீசல் போட
அது போதும்.

கேட்காமல் இல்லை.
அதியமான்கோட்டை ஷெட்டில்
வண்டி கிளட்ச் பிளேட்டுக்குப் படுத்திருந்தபோது
மூன்று நாள் உபவாசமிருந்து கேட்டேன்.
வந்தது வயிற்றெரிச்சல்,
இரண்டு அர்த்தத்திலும்.

ஒருமுறை ராயக்கோட்டை வீட்டுக் கூட்டத்தில்
பாஸ்டருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.
என்னைப் பேசச் சொன்னார்கள்.
அவர் குரலையே எடுத்து மாட்டிக்கொண்டு பேசினேன்.
ஒரு குழந்தை சிரித்தது.
அதன் அம்மா அதட்டினாள்.
அதட்டியதுதான் வலித்தது.

போன டிசம்பர், சேலம் கூட்டத்துக்குப் போகிற இரவு.
தொப்பூர் கணவாய் இறங்கத் தொடங்குகிற இடத்தில்
"கண்களை மூடி ஜெபிப்போம்" என்றார் பாஸ்டர்.
பதினோரு பேரும் மூடினார்கள்.
இரண்டாம் கியரில் நான்.
கண்ணாடியில் ஒரு லாரி.
அதன் வெளிச்சம் வளர்ந்த வேகம்
சரியில்லை.
இடப்பக்கம் மண்ணில் இறக்கி
பாறையை ஒட்டி நிறுத்தினேன்.
கிரானைட் பாளங்களோடு அது
ஒரு முழம் விட்டுக் கடந்தது.
லைனர் கருகிய வாசனை மட்டும்
வேனுக்குள் வந்து உட்கார்ந்தது.

"ஏன் மத்தேயு, நின்னுட்ட?"
ஆமென் சொல்லிக் கண் திறந்தார் பாஸ்டர்.
"ஒண்ணுமில்லீங்க. ஒரு வண்டிக்கு வழி விட்டேன்."

கீழே மணல்மேட்டில் ஏறி நின்றிருந்தது லாரி.
டிரைவர் சக்கரத்தடியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.
இறங்கிப் போய்த் தண்ணீர் கொடுத்தேன்.
அவன் என்னைப் பார்த்தான்.
எங்கள் இருவருக்கும் தெரியும்.

சாட்சி சொல்லியிருக்கலாம்.
மைக் கைக்கு வந்திருக்கும்.
ஏனோ வேண்டியிருக்கவில்லை.

இப்போதும் சில ஞாயிறுகளில்
கெர்சோம் பாஷை பேசும்போது
அடிவயிறு கொஞ்சம் எரியத்தான் செய்கிறது.
மோர் வாங்கிக் குடிக்கிறேன்.
ஆனால் "கண்களை மூடி" என்று கேட்டதுமே
கை தானாக ஸ்டியரிங்கை இறுக்குகிறது.
கண்ணாடிக்குள் பதினோரு தலைகள்
ஒவ்வொன்றாகக் குனிகின்றன.

ஆண்டவரே,
திறந்த கண்ணோடுதான் பேசுகிறேன்.
முன்னால் பென்னாகரம் பஸ்
பிரேக் அடிக்கிறது.
அப்புறம் பேசலாம்.