எட்டாவது டேக்

ரத்தப் பொட்டலம் கட்டுவது என் வேலை.
சோளப்பாகு, சிவப்புச் சாயம், ஒரு சிட்டிகை காப்பித்தூள்.
சட்டைக்குள் ஒட்டி, ஒயரை இடுப்பில் சுற்றி,
கையை வைக்காதீர்கள், வெடித்துவிடும் என்பேன்.

புக்கரெஸ்ட்டின் ஓரத்தில்
மூடிக்கிடந்த ரேடியோ ஆலைக்குள்
வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று
எதிர்காலத்தைக் கட்டி முடித்திருந்தது.
ஒட்டுப்பலகையில் மௌன அமைச்சகம்.
நான்கு மாடி உயரத்துக்கு
இமைக்காத ஒரு தலைவர்.
தரையெல்லாம் சோப்பு நுரையில் பனி.

கதை இதுதான்:
பேசினால் சொல்லுக்கு இவ்வளவு என்று வரி வாங்கும் அரசு.
சதுரத் தாடைக்காரன் ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து
இரண்டு மணி நேரத்தில் அதைக் கவிழ்ப்பான்.
சுடப்பட்டுச் சதுக்கத்தில் கிடக்கும் சனங்கள்
அவன் 'எழுந்திருங்கள்' என்றதும் எழ வேண்டும்.
அதுதான் உச்சக்காட்சி.

விடியுமுன்னே வரிசை.
மணிக்கட்டில் மையால் எண் போட்டார்கள்.
செல்போன்களை உறையிலிட்டு வாங்கிக்கொண்டார்கள்.
மேலே பார்க்காதே, கேமராவைப் பார்க்காதே,
சொல்லும்வரை வாய் திறக்காதே
என்று ஒலிபெருக்கியில் மூன்று மொழிகளில் அதட்டினான்
துணை இயக்குநன் ஹோரியா, இருபத்து நாலு வயசு.
யாரும் சிரிக்கவில்லை.
வெறும் வயிற்றில் கிண்டல் இறங்காது.

நூற்று நாற்பத்தேழு என் முன்னால் வந்து நின்றாள்.
வெட்டூரியா.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பது வருஷம்.
நெஞ்சில் ஒட்டப் போனேன்.
'அங்கே இல்லை. இன்னும் கீழே, இடப்பக்கம்.
இவ்வளவு பீறிட்டும் வராது.
கோட்டு கனமென்றால்
வெளியே தெரியவே நேரமாகும்.'
எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.
டிசம்பர் என்றால் எங்கள் ஊரில்
எந்த டிசம்பர் என்று யாரும் கேட்பதில்லை.

முதல் டேக்கில் புகை அதிகம்.
மூன்றாவதில் யாரோ தும்மினார்கள்.
ஐந்தாவதோடு சூப் தீர்ந்துவிட்டது.
ஏழாவது முடிந்தபோது இரவு ஒன்பதரை.
கூடுதல் நேரத்துக்குக் கூலி உண்டா என்றவரிடம்
'பிறகு பார்க்கலாம்' என்றது ஒலிபெருக்கி.

எட்டாவது.
துப்பாக்கிகள் படபடத்தன. நான் பொத்தான்களை அழுத்தினேன்.
ஆளாளுக்குச் சாய்ந்தார்கள்.
பால்கனியில் அவன் கையை உயர்த்தினான்:
'எழுந்திருங்கள்!'

நுரை மட்டும் கொஞ்சம் அமுங்கியது.

'எழுந்திருங்கள்!' இன்னொரு முறை, தொண்டை கம்ம.
பிறகு ஹோரியாவும் சொன்னான், மூன்று மொழிகளிலும்.
ஓடிப்போய் அவளருகே குந்தினான்.
'அம்மா, எழ வேண்டிய இடம் இது.'
கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:
'செத்துப்போனேன் தம்பி.
சம்பளம் வந்தால் யோசிக்கிறேன்.'

பக்கத்தில் கிடந்தவன் வயிறு குலுங்கிற்று.
அப்புறம் அவனும் அசையவில்லை.
இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
போலீஸ் உடுப்பில் நின்றவர்கள்
ஒருவரையொருவர் பார்த்தார்கள்.
பிளாஸ்டிக் கேடயங்களை மெல்லக் கீழே வைத்து,
யாருமே சுடாமல்,
அவர்களும் படுத்துக்கொண்டார்கள்.

தயாரிப்பாளர் வந்தார். கத்தினார்.
போலீசைக் கூப்பிடுவேன் என்றார். போலீஸ் அவர் காலடியில் கிடந்தது.
செத்தவர்களை
எதைக் காட்டி மிரட்டுவது?

வெடிக்காத ஒயர் ஒன்று அவள் இடுப்பில் இருந்தது.
கழற்றத் தவழ்ந்து போனேன்.
'அன்றைக்கு நாலு மணி நேரம் இப்படிக் கிடந்தேன்' என்றாள் உதடு அசையாமல்.
'என் மேல் ஒருவன் கை.
யாருடையது என்று தெரியாது.
சூடு ஆறும்வரை
அவனும் நடிக்கிறான் என்றே நினைத்தேன்.'
கொஞ்சம் பொறுத்து,
'இது நல்ல பனி. குளிரவில்லை.'

பதினொன்று பத்துக்குக் கணக்கர்
தகரப் பெட்டியோடு வந்தார்.
ஒவ்வொரு பிணமாய் எழுந்து
நுரையைத் தட்டி, மணிக்கட்டைக் காட்டி,
கையெழுத்துப் போட்டு வாங்கிற்று.
கடைசியில் அவள்:
'கை கொடு, கால் மரத்துவிட்டது.'
இரண்டு முறை எண்ணிப் பார்த்தே உள்ளே வைத்தாள்.

படம் வந்தபோது போய்ப் பார்த்தேன்.
'எழுந்திருங்கள்' என்கிறான்.
எல்லோரும் எழுகிறார்கள்.
அது ஏழாவது டேக்.