கொடிக்கயிறு

கொடிக்கயிற்றை மகன்தான்
உயர்த்திக் கட்டிவிட்டான் என்று
ஆறு மாதமாய் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.
ஆணி அதே ஆணி.
கயிறும் அதே நைலான், பழைய வலையில் உருவியது.
ஈரச் சேலையை வலை வீசுவதுபோல்
எறிந்து போடப் பழகியிருந்தேன்.

ஆடிக் காற்றில்
தோணித்துறைப் படி வழுக்கி
இடக்கையை ஊன்றினேன்.
விழுந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது.
கொஞ்சம் வேகமாய் உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.
காய்ந்த முருங்கைக் கொப்பு முறிகிற சத்தம்.
கூடையில் நெத்திலி சிந்தவில்லை.
அதைத்தான் முதலில் பார்த்தேன்.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி.
டாக்டர் பிள்ளை, நிலோஃபர் என்று பேர்,
படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.
கையை விட்டுவிட்டு வேறெதையோ கேட்டாள்:
மாதவிலக்கு எப்போம்மா நின்னுச்சு?
அது எங்கே நின்றது,
முப்பத்தாறு வயதில் கர்ப்பப்பையோடு எடுத்துவிட்டார்கள்.
சினைப்பையும் சேர்த்தா?
யாருக்குத் தெரியும். காகிதம் கஜா புயலில் போயிற்று.
பால்?
டீயில் நிறம் மாறுகிற அளவு.
மீன்?
அங்கேதான் சிரித்துவிட்டேன்.

இருபத்தெட்டு வருசமாய்
நெத்திலி காயவைக்கிறேன், பிள்ளை.
முள்ளோடு தின்கிற மீன்.
‘மென்னு தின்னுங்க, எலும்புக்கு நல்லது’ என்று
உச்சிப்புளிச் சந்தையில் நான் கூவாத வாரமில்லை.
எனக்கா?
அடிக்கூடைத் தூளுக்கும்
கோழிப்பண்ணைக்காரன் காசு கொடுக்கிறான்.
கஞ்சிக்கு ஊறுகாய் போதும்.

முதுகில் இரண்டு கட்டை
ஏற்கெனவே நசுங்கியிருக்கிறதாம்.
எப்போது?
தைலம் தேய்த்துப் படுத்த
ஏதோ ஒரு ராத்திரியில்.
நீங்க கொஞ்சம் குட்டையாயிருப்பீங்க, என்றாள்.
அப்போதுதான் கொடிக்கயிறு நினைவுக்கு வந்தது.

திரும்புகிற பஸ்ஸில்
முருகைக்கல்லை நினைத்துக்கொண்டே வந்தேன்.
பழைய பண்டகசாலைச் சுவரில்
காரை உதிர்ந்த இடமெல்லாம்
தேன்கூடாய்க் கண் கண்ணாகத் தெரியுமே, அது.
எலும்புக்குள்ளும் கண் உண்டாம்.
இருக்கத்தான் வேண்டுமாம்,
இல்லாவிட்டால் கல்லைச் சுமந்து திரிவோம்.
கண் பெருத்துப்போவதுதான் வியாதி.
வலிக்காது. காய்ச்சல் வராது.
அலை அடியில் அரித்துக்கொண்டிருக்கும்,
மேலே வீட்டில் விளக்கு எரியும்.

செவ்வாய்தோறும் ஒரு மாத்திரை.
விடியலில், வெறும் வயிற்றில்,
குடம் பன்னிரண்டு ரூபாய்த் தண்ணீரில் ஒரு சொம்பு.
அரைமணி நேரம் படுக்கக்கூடாது என்று
மூன்று தடவை சொல்லி அனுப்பினாள்.
விடிந்தபின் நான் படுத்தது
மூன்று பிரசவத்தில் மட்டும்.

மகனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.
கயிற்றை இறக்கிக் கட்டச் சொன்னேன்.
ஏன் என்றான். காற்று, என்றேன்.

மகள் காளீஸ்வரிக்குப் பத்தொன்பது.
நண்டுக் கம்பெனியில்
குளிர் அறையில் உட்கார்ந்து சதை எடுக்கிறாள்.
இருட்டோடு போய் இருட்டோடு வருகிறாள்.
ஞாயிற்றுக்கிழமை வெளியே போனால்
கறுத்துவிடுவாளாம், குடை.
இத்தனை வெயில் கொட்டுகிற கரையில்
என் வீட்டில் வெயிலுக்குப் பஞ்சம்.
குழுப் பணம் மாதிரிதான்டி, என்றேன்,
முப்பது வயசுவரை கட்டலாம்,
அப்புறம் எடுத்து எடுத்துச் செலவு.
போனைப் பார்த்துக்கொண்டே உம் கொட்டினாள்.

சனிக்கிழமை ஏஜென்ட் சேகு தராசு கொண்டுவந்தான்.
நிறுக்கும் முன்னால்
நல்ல கையால் இரண்டு தரம் அள்ளி
முந்தானையில் போட்டேன்.
எடை குறையுதே அக்கா.
குறையட்டும்.

ராத்திரி வறுத்து வைத்தேன்.
காளீஸ்வரி தலையைக் கிள்ளிக் கிள்ளி
தட்டோரம் ஒதுக்கினாள்.
ஒதுக்கியதை அள்ளி
அவள் சோற்றிலேயே திரும்பப் போட்டேன்.
முறைத்தாள்.
பிறகு பசி.
மொறுக்கென்று ஒரு சத்தம்.
இந்தச் சத்தம் கேட்கலாம்.