பருப்பு வேகாத தண்ணீர்

சுள்ளிமடை ஆழ்குழாயில் வருவது
பருப்பை வேகவிடாத தண்ணீர்.
சோப்பு நுரைக்காது. குக்கரின் அடியில்
வெள்ளையாய் ஒரு தோல் வளரும்.
எதிரே சுண்ணாம்புக் குன்று
பாதி உடம்பு வெட்டப்பட்டு நிற்கிறது,
மீதியை நாங்கள் குடிக்கிறோம்.

ஊரே திட்டும் இந்தத் தண்ணீரை
நல்ல வார்த்தை சொல்லிக் கேட்டது ஒரே ஒருமுறை.
பேல் ஏலுக்குக் கடினநீர்தான் வேண்டும்,
கசப்பைத் தீட்டித் தரும் என்றாள்
பக்கத்து வீட்டு நர்ஸ் ஷைலஜா.
சும்மாவா? கொதிக்கவைத்து, ஆறவிட்டு,
படிந்த வெள்ளையை அசைக்காமல் இறுத்து,
அதற்கே ஒரு ஞாயிறு போனது.

காலையில் சொசைட்டியில்
பாலுக்குள் லாக்டோமீட்டர் விடுவது என் வேலை.
இருபத்தாறுக்குக் கீழே போனால்
முகத்தைப் பார்க்கமாட்டேன்.
எண்ணைச் சொல்வேன், கேனைத் திருப்புவேன்.
இரவில் அதே கை
ஹைட்ரோமீட்டரைச் சுழற்றிவிட்டுக் காத்திருக்கும்.
ஆயிரத்து நாற்பத்தெட்டு.
இறங்கவேண்டிய எண் இது.
அங்கே இறங்கினால் திருட்டு,
இங்கே இறங்கினால் ஈஸ்ட் உயிரோடிருக்கிறது.

மால்ட் கோவையிலிருந்து ஸ்கூட்டரில் வந்தது.
மாட்டுத்தீவனம், மாட்டுத்தீவனம் என்று
யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு வந்தாள்.
ஹாப்ஸ் வெள்ளித்தாள் பொட்டலத்தில்,
கோழித்தீவனம் போலப் பச்சைக் குச்சிகள்.
கிழித்ததும் சமையலறை முழுக்க
நார்த்தங்காய்த் தோல், அறுத்த புல்,
எங்கேயோ மழை.
முதல் பிடி கசப்புக்கு: ஒரு மணிநேரம் கொதிக்கட்டும்.
கடைசிப் பிடி வாசனைக்கு:
ரசத்தை இறக்கிக் கொத்துமல்லி கிள்ளிப் போடுகிற
அந்த நொடிதான்.

மார்கழி. கணவாயிலிருந்து காற்று
கதவைத் தோளால் இடித்துக்கொண்டே இருந்தது.
பால்கேனுக்கு ஈரச்சாக்கு சுற்றியிருந்தேன்.
காற்று சாக்கைத் தொட்டுத் தொட்டுக்
கேனைக் குளிரவைத்துவிட்டது.
எட்டாம் நாள் குமிழ் நின்றது.
முடிந்ததா, தூங்குகிறதா?
மஸ்கட் விசா வந்திருந்தது ஷைலஜாவுக்கு.
போவதற்குள் பாட்டிலில் பார்க்கணும் சேச்சி, என்றாள்.
பாலுக்கு ஒருநாளும் செய்யாததைச் செய்தேன்.
எண்ணைப் பார்க்கவில்லை,
முகத்தைப் பார்த்தேன்.

முப்பத்தொரு பாட்டில். கட்டிலுக்கு அடியில்.
அவள் போனாள். தை போனது.
மாசியில் ஓடு கொதிக்கத் தொடங்கியதும்
உள்ளே தூங்கியவை கண்விழித்து
மிச்சச் சர்க்கரையைத் தேடின.

இரவு இரண்டு மணி.
முதல் பாட்டில்.
எங்கள் ஊரில் ராத்திரி வெடிச்சத்தத்துக்கு
ஒரே பொருள்தான்.
இரண்டாவது வெடித்தபோது
தெருவில் தகரம் தட்டத் தொடங்கிவிட்டார்கள்.
நாலாவதுக்குப் பதிலாக
பலாத்தோப்புப் பக்கம் யாரோ
நிஜ வெடியே கொளுத்தினார்கள்.
நான் கட்டில்மேல் கால்களை மடக்கி,
நுரை கதவிடுக்கு வழியே
வாசலுக்குப் போவதைப் பார்த்தபடி.

கதவு தட்டப்பட்டது. கலால்தான் என்று நினைத்தேன்.
வனத்துறை வாட்சர் வேலுண்ணி.
"ஆன எவிடே?"
மூக்கைச் சுருக்கினார். நுரையைப் பார்த்தார்.
கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தார்,
யானை அங்கேதான் படுத்திருப்பதுபோல.

உடையாத ஒன்றைச் சாக்கில் சுற்றித் திறந்தேன்.
பாதி கூரைக்குப் போனது.
மீதி டம்ளரில்: கலங்கலாய், வைக்கோல் நிறம்.
ஒரு மடக்கு. நாக்கை உள்ளேயே புரட்டினார்.
"கைக்குது" என்றார்.
டம்ளரைத் திரும்ப நீட்டினார்,
காலியாக அல்ல, நிரப்பச் சொல்லி.
பிறகு நோட்டை எடுத்து முழங்காலில் வைத்து எழுதினார்:
யானை வரவில்லை. சத்தத்துக்குக் காரணம் தெரியவில்லை.

விடியும்வரை கண்ணாடி பொறுக்கினேன்.
வலது குதிகாலில் ஒன்று இன்னும் இருக்கிறது,
நடந்தால் சொல்லும்.
மீதிப் பாட்டில்களைச் சாக்கால் மூடி
மூடிகளை ஒவ்வொன்றாய்த் தளர்த்தினேன்.
ஒன்றை ஊற்றி ஹைட்ரோமீட்டர் விட்டேன்.
ஆயிரத்து ஒன்பது.
இப்போதுதான் முடித்திருக்கிறது.

மஸ்கட்டுக்கு அந்த எண்ணை மட்டும் அனுப்பினேன்.
அங்கே குழாயில் வருவது
கடல்நீரைக் காய்ச்சி எடுத்ததாம்,
உப்பும் இல்லை ஒன்றும் இல்லை, என்று பதில்.
பருப்பு பத்து நிமிடத்தில் வெந்துவிடுகிறதாம்.