ஐந்தாம் அத்தியாயம்

மாதிரித் தெரிவு: எழுமாறு.
கணினி உருட்டித் தந்த நூற்றிருபது வீடுகளில்
முப்பத்தெட்டு வீரைவெட்டிக்குளத்தில்.
மல்லாவிச் சந்தியில் பெற்றோல் அடித்து,
வினாக்கொத்தும் சம்மதப் படிவமும் நனையாதபடி
யூரியாப் பையில் சுற்றி
ஸ்கூட்டியின் காலடியில் வைத்துக்கொண்டு
குளக்கட்டால் போனேன்.

முதல் வீட்டில் நாய்.
இரண்டாம் வீட்டில்,
"கையெழுத்து வைச்சால் வீட்டுத்திட்டம் வருமோ?"
"இல்லையக்கா, இது என்ர படிப்புக்கு."
"இந்த வயசிலயோ?"

நாற்பத்தொன்று. முதுமாணி, பகுதிநேரம்.
சனிக்கிழமைகளில் நாலரை பஸ்.
ஆனையிறவு வரும்போதுதான் விடியும்.
உப்புக்காற்றில், அரைத்தூக்கத்தில்,
மடியில் விரித்த கொப்பியில் மூன்று பெட்டிகள்:
அறிவு, மனப்பாங்கு, நடைமுறை.
ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அம்புக்குறி.
அறிந்தால் மனம் மாறுமாம்,
மனம் மாறினால் கை மாறுமாம்.
சோதனைக்கு நிச்சயம் வரும் என்றார்கள்.

சந்தனமேரியின் மனிசனுக்கு
சிறுநீரகம் இரண்டும் சுருங்கிப் போச்சு.
கிழமைக்கு இரண்டு தரம் வவுனியா,
இரத்தம் கழுவ.
அவர் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார்.
நாங்கள் முற்றத்து வேம்பின் கீழே.

பகுதி 'ஆ': அறிவு. பத்து வினாக்கள்.
நான் கேட்டு முடிக்க முன்னமே பதில் வந்தது.
புளோரைட்டு. தண்ணீரின் கடினத்தன்மை.
வெறும்மேலோடு வயலுக்கு மருந்தடிக்கக் கூடாது,
நோவுக்குக் கண்டபாட்டுக்கு மாத்திரை போடக் கூடாது,
"ஆகவே..."
என்று நான் வகுப்புகளில் இழுக்கும் இடத்தில்
அவளும் இழுத்தாள்.
"நீங்கள்தானே மிஸ், போன வருசம்
சனசமூக நிலையத்தில படம் போட்டுக் காட்டினனீங்கள்."
பத்துக்குப் பத்து.

பகுதி 'ஈ', வினா இருபத்தேழு:
குடிப்பதற்கு எந்த நீரைப் பயன்படுத்துகிறீர்கள்?

அவள் எழும்பிப் போனாள்.
கப்பி கிறீச்சிட்டது.
செம்பை இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டுவந்து
என் முன்னால் வைத்தாள்.

என் பையில் கடைப் போத்தல் இருந்தது,
மூடியின் வளையம் இன்னும் உடைபடாமல்,
பையின் வாயில் கழுத்தை நீட்டிக்கொண்டு.
அவள் அதைப் பார்த்தாள்.
நான் செம்பைத் தூக்கினேன்.
நாக்கில் சவர்,
அண்ணத்தில் சுண்ணாம்பு.

"வடிகட்டுற மெசின் தந்தவையெல்லோ?"
"இருக்கு மிஸ், பெயின்ற் கூடக் கழரேல்லை.
திறப்புத் தலைவரிட்ட.
தலைவர் மகளிட்ட, கொழும்பில."

முப்பத்தெட்டு வீட்டிலும் அதே திறப்பு.
அறிவின் சராசரி எட்டுத் தசம் ஒன்பது.
நடைமுறை இரண்டே சொச்சம்.

"மனப்பாங்கில்தான் எங்கேயோ பிழை," என்றார்
மேற்பார்வையாளர். "அங்கே தோண்டுங்கள்."
நூலகத்தில் எட்டு ஆய்வேடுகளைப் புரட்டினேன்.
எல்லாவற்றின் ஐந்தாம் அத்தியாயமும்
ஒரே வசனத்தில் கண்ணை மூடியது:
'மக்களுக்கு மேலும் விழிப்புணர்வூட்டல் அவசியம்.'
நானும் அதைத் தட்டச்சினேன்.
விரலுக்குப் பழக்கமான வசனம்.
பதினேழு வருசமாக மாதாந்த அறிக்கையில் போடுவது.

இரவு, நுளம்புத்திரி தீரும் நேரம்,
அழித்தேன்.
அந்த இடத்தில் எழுதினேன்:
'சுத்திகரிப்பு நிலையத்துக்கு
மூன்று திறப்புகள் வெட்டுவிக்க வேண்டும்.
ஒன்று சந்தனமேரியிடம்.'

சிவப்பு வட்டம் போட்டுத் திரும்பி வந்தது.
பக்கத்தில் ஒரு சொல்:
'ஆதாரம்?'

திங்கட்கிழமை, மல்லாவிச் சந்தி.
குடைக்குக் கீழே திறப்பு வெட்டுகிற பெடியன்
அரத்தை ஊதித் துடைத்தான்.
"ஒண்டு இருநூற்றைம்பது அக்கா.
எத்தினை வேணுமெண்டாலும் வெட்டலாம்.
அசலைக் கொண்டுவாங்கோ."