பன்னிரண்டு மணி நான்கு நிமிடம்

எதுவும் காணாததையும் எழுத வேண்டும் என்பது இங்கே விதி.
பத்து முதல் பன்னிரண்டு வரை
கால் மணிக்கு ஒரு கட்டம், மொத்தம் எட்டு.
காற்று, அலை, வெளிச்சம்,
கண்டது என்ன, எத்தனை, எந்தப் பக்கம் போயிற்று.
ஒன்றும் இல்லையென்றால் ஒரு வட்டம்.
டெக்வென் அந்த வட்டத்தைக்கூட
தொடங்கிய இடம் வந்து சேரும்வரை
அவசரமில்லாமல் போடுகிறாள்.

வேல்ஸின் மேற்கு ஓரம். ஏப்ரல் கடைசி.
போர்க்காலத்தில் கட்டி மறந்துபோன காவல் கொட்டடி,
கண்ணாடி இல்லாத நீள ஜன்னல்.
வெளியே முட்புதர்கள் மஞ்சளாக வெடித்திருக்கின்றன.
வெயில் பட்டதும் அதிலிருந்து
துருவிய தேங்காயின் வாசம்.
தென்னையே இல்லாத கரையில் இதை யாரிடம் சொல்ல?
சொன்னேன்.
வெயிலுக்குப் பூசும் களிம்பு வாசம் என்றார் மெய்ரிக்.

முதல் கட்டம்: வட்டம்.
இரண்டாவது: கானட்டுகள் பதினேழு, தெற்கு நோக்கி.
அவற்றில் ஒன்று சிறகை மடித்து
ஆணியாக இறங்கியது.
அப்புறம் ஷியர்வாட்டர்கள்,
கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை,
அலைக்கு ஒரு சாண் மேலே
யாரோ சீட்டுகளைப் புரட்டிக்கொண்டே போவதுபோல.
எண்ணி மாளவில்லை. 'நானூறு, உத்தேசம்.'

மூன்றாவதில் நீரோட்டம் திரும்புகிறது.
வடியும் கடல் முனையில் இடித்து
ஒரே ஒரு கோட்டில் மட்டும் கொதிக்கிறது.
இரை அங்கேதான். ஆகவே அவையும் அங்கேதான்.
கடற்பன்றி கண்ணில் படுமுன் காதில் விழும்:
அடக்கப் பார்த்து முடியாமற்போன தும்மல்.
பிறகு ஒரு முதுகு, சின்ன முக்கோணம்,
நீருக்குள் மெல்லச் சுற்றும் பல்சக்கரத்தின்
ஒரே ஒரு பல்.
டெக்வென்னின் மொழியில் அதன் பெயருக்குத்
துள்ளி ஆடுகிறவன் என்று பொருளாம்.
மூன்று வசந்தமாகப் பார்க்கிறேன்,
ஒருநாளும் துள்ளியதில்லை.
என் மொழியில் பன்றி.
இரண்டு பெயருக்கும் அது திரும்பிப் பார்க்கவில்லை.

மெய்ரிக்குக்கு அந்த மூச்சு கேட்காது.
டெக்வென் அவர் தோளைத் தட்டி
விரலைக் கடிகார முள்ளாக்குவாள்: இரண்டு மணித் திசை.
அயர்லாந்து ஃபெரியின் இயந்திர அறையில்
இருபத்தாறு வருடம்.
இந்த முனையை நாளுக்கு இரண்டு தடவை கடந்திருக்கிறார்,
நீர்மட்டத்துக்குக் கீழே,
எண்ணெய் அழுத்தத்தின் முள்ளைப் பார்த்தபடி.
"இதெல்லாம் தகட்டுக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கும்."
தேநீரில் ஒரு மிடறு.
"இருந்திருக்காது. எங்கள் இரைச்சலுக்கு ஓடியிருக்கும்."

நான்கில் கடற்பன்றி இரண்டு, ஐந்தில் ஒன்று,
அதுவும் சந்தேகம்.
ஆறு, ஏழு, எட்டு:
வட்டம், வட்டம், வட்டம்.
என் கால்விரல்கள் மரத்துவிட்டன.
டெக்வென் முடிவு நேரம் எழுதி, கையெழுத்திட்டு,
பேனாவை மூடினாள்.

பன்னிரண்டு மணி நான்கு நிமிடத்துக்கு
முனையைச் சுற்றிக்கொண்டு ஃபெரி வந்தது.
அதன் மூக்குக்கு முன்னால், பக்கத்தில், பின்னால்
ஓங்கில்கள்,
பெயருக்குத் தகுந்தபடி ஓங்கி ஓங்கி,
வயிற்றின் மஞ்சள் தெரிய.
டெக்வென்னின் கை பேனாவுக்குப் போய் நின்றது.
"நேரம் முடிந்துவிட்டது" என்றாள்,
என்னிடம் இல்லை, தாளிடம்.

மெய்ரிக்கின் தொலைநோக்கி ஓங்கில்களில் இல்லை.
கப்பலின் பின்பாதியில்,
சிவப்புப் பூச்சு நீரில் முங்கும் இடத்தில் இருந்தது.
"அதற்குக் கீழே என் நாற்காலி."
அந்த இடத்தைத் தாண்டி ஒன்று துள்ளியது.
இன்னொன்று.
அவர் வாய் திறந்தபடியே இருந்தது.

எத்தனை என்று கேட்டார், கொஞ்ச நேரம் கழித்து.
டெக்வென் கையுறையைக் கழற்றி
பத்து விரல் காட்டினாள், மறுபடி பத்து, பிறகு மூன்று.
"இருபத்து மூன்று!"
செவிடரின் குரல், கொட்டடி அதிர.
பாறையடியிலிருந்து ரேஸர்பில்கள்
படபடவென்று கிளம்பிக் கடலுக்கு மேல் சிதறின.
அவற்றையும் நாங்கள் எண்ணவில்லை.